ஸ்வீடிஷ் அகாதெமிக்கு ஒரு திறந்த மடல்: பீட்டர் ஹண்ட்கேயை எப்படி வாசித்தீர்கள்?

பெருமதிப்பிற்குரிய ஸ்வீடிஷ் அகாதெமி உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இரண்டு ஆண்டுகளுக்கான இலக்கிய நோபல் பரிசுகளை நீங்கள் ஒருசேர அறிவித்தீர்கள். முந்தைய ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டிருந்த பரிசு போலந்தின் ஓல்கா தொகார்ச்சுக்குக்கும், அந்த ஆண்டுக்கான பரிசு ஆஸ்திரியாவின் பீட்டர் ஹண்ட்கேக்கும் சென்றன. செல்வாக்கு மிக்க படைப்புகளால், மொழித்திறனோடு, மனித அனுபவத்தின் விளிம்புகளையும் தனித்தன்மைகளையும் ஆராய்ந்தவர் என்று ஹண்ட்கேயைப் பற்றி உங்கள் அறிவிப்பு கூறியது. அந்த வாக்கியத்தை மறுப்பதற்காக நான் இம்மடலை எழுதவில்லை. பரிசைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்பதற்காகவும் எழுதவில்லை. நோபல் விதிகளில் மேல்முறையீட்டுக்கு இடமில்லை என்பதை அறிவேன், இடம் இருந்திருந்தாலும் அதைக் கேட்டிருக்க மாட்டேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்த வாக்கியத்தை எழுதும் முன்பு, 1990களில் போர்களில் உடைந்து சிதறிய யூகோஸ்லாவியாவைப் பற்றி ஹண்ட்கே எழுதிய, செர்பியர் பக்கம் சாய்ந்தவை என்று கண்டிக்கப்பட்ட நூல்களை நீங்கள் எப்படி வாசித்தீர்கள், அவற்றுக்கு உங்கள் மதிப்பீட்டில் என்ன இடம் கொடுத்தீர்கள் என்பதை வாசகர்களாகிய எங்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

நான் ஜெர்மன் இலக்கிய ஆய்வாளன் அல்லன். ஹண்ட்கேயை மொழிபெயர்ப்புகளின் வழியே படித்துவரும் தமிழ் வாசகன். உங்கள் பரிசு ஓர் எழுத்தாளரின் அட்டைப்படத்தில் ஏறியவுடன், அவரது மொழியையோ நாட்டையோ அறியாத எங்களைப் போன்றவர்கள் அவரை நம்பிக் கையில் எடுக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு உரிமையாளர்கள் நீங்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ஹண்ட்கே 1942 டிசம்பர் 6 அன்று ஆஸ்திரியாவின் தென்கோடி மாநிலமான கரிந்தியாவில், கிரிஃபன் என்னும் ஊரில் பிறந்தார். தாய் மரியா, அம்மாநிலத்தின் ஸ்லோவேனியச் சிறுபான்மையைச் சேர்ந்தவர். பெற்ற தந்தை அங்கே பணியில் இருந்த, ஏற்கெனவே மணமான ஒரு ஜெர்மன் படைவீரர். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு தந்தைப் பெயர் வேண்டும் என்பதற்காக மரியா மணந்துகொண்டவர் வேறொரு ஜெர்மன் படைவீரர். தாயின் உடன்பிறந்தார் இருவர், தங்கள் மொழியைத் தாழ்வாகக் கருதிய ஒரு படையின் சீருடையிலேயே போரில் மாண்டனர். தாய்வழிப் பாட்டனாரோ, முதல் உலகப்போருக்குப் பின் 1920இல் நடந்த வாக்கெடுப்பில் கரிந்தியாவின் தென்பகுதி யூகோஸ்லாவியாவோடு சேர வேண்டும் என்று வாக்களித்தவர். பிற்காலத்தில் ஹண்ட்கேக்கு யூகோஸ்லாவியா என்ற நாடு வெறும் அண்டை நாடாக இல்லாமல், வீட்டில் முணுமுணுப்பாகக் கேட்ட ஒரு வாக்குறுதியாக இருந்தது என்றால், அதன் வேர் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் அவரை ஏசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சிறுவயதில் சில ஆண்டுகள் போரினால் சிதைந்த பெர்லினில் வாழ்ந்து, 1948இல் ஊர் திரும்பி, டான்சன்பெர்க்கின் கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் படித்து, கிராட்ஸ் நகரில் சட்டம் பயிலச் சென்றார். முதல் நாவலை சூர்காம்ப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டதும் சட்டப் படிப்பைக் கைவிட்டார். 1966ஆம் ஆண்டு அவருக்குத் திருப்புமுனை. அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கூடிய, 'குழு 47' என்ற போருக்குப் பிந்தைய ஜெர்மன் எழுத்தாளர் வட்டத்தின் கூட்டத்தில், 23 வயதே ஆன அவர் எழுந்து, மூத்தவர்களின் எழுத்து வெறும் வருணனை, அந்த வருணனையிலும் ஆண்மையில்லை என்று சாடினார். ஜூனில் 'பார்வையாளர்களுக்கு வசை' என்ற அவரது நாடகத்தைக் கிளாவுஸ் பைமான் ஃபிராங்க்ஃபர்ட்டில் அரங்கேற்றினார். கதையோ பாத்திரங்களோ அற்ற அந்த நாடகத்தில் நடிகர்கள் பார்வையாளர்களை நோக்கிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அடுத்து வந்த 'காஸ்பர்' மொழி ஒரு மனிதனை எப்படி அடித்து ஒழுங்குபடுத்துகிறது என்பதைப் பற்றியது. 1970இல் 'பெனால்ட்டி உதையை எதிர்கொள்ளும் கோல்கீப்பரின் பதற்றம்' வந்தது. விம் வெண்டர்ஸ் அதைப் படமாக்கினார், பின்னாளில் இருவரும் சேர்ந்து எழுதிய 1987ஆம் ஆண்டின் பெர்லின் தேவதைகள் படம் எங்கள் திரைப்படச் சங்கங்கள் வரை வந்து சேர்ந்தது. இவையெல்லாம் நீங்கள் நன்கறிந்தவை. ஆகவே விரைந்து கடக்கிறேன்.

நான் நின்று பேச விரும்புவது 1972இல் வெளியான ஒரு சிறு நூலைப் பற்றி. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் 'கனவுகளுக்கு அப்பாலான ஒரு துயரம்' என்ற தலைப்பில் அதை அறிவார்கள். 1971 நவம்பரில் ஹண்ட்கேயின் தாய் தூக்க மாத்திரைகளை விழுங்கித் தற்கொலை செய்துகொண்டார். ஏறத்தாழ ஏழு வாரங்கள் கழித்து மகன் எழுத உட்கார்ந்தார். கரிந்தியாவின் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த ஒரு துணுக்கோடு நூல் தொடங்குகிறது: 51 வயதுள்ள ஓர் இல்லத்தரசி, சனிக்கிழமைக்கு முந்தைய இரவில், அளவுக்கு மீறிய தூக்க மாத்திரைகளால் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊரின் பெயரும் முதலெழுத்தாக மட்டுமே இருக்கிறது. பெண்ணின் பெயர் இல்லை. பெயரற்ற அந்த இல்லத்தரசிக்கு ஒரு முழு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுப்பதுதான் அந்த நூல் செய்யும் வேலை.

படிக்க ஆசைப்பட்டுக் கெஞ்சிய சிறுமி, பெண்பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு என்று கையசைத்துவிட்ட தந்தை, 1938இல் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது ஊரோடு சேர்ந்து அடைந்த திருவிழாக் களிப்பு, முதலும் கடைசியுமான காதல், குடிகாரக் கணவன், ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிட்ட ஆண்டுகள், பின்னர் மகன் கொண்டுவந்த நாவல்களைப் படித்துப் படித்துத் தன்னைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்ட நடுவயது என்று அந்த வாழ்க்கை விரிகிறது. அந்த வட்டாரத்துச் சிறுமிகள் ஆடும் ஒரு விளையாட்டை அதில் குறிப்பிடுகிறார்: களைப்பு, சோர்வு, நோய், கடும் நோய், சாவு என்று பெண்ணின் வாழ்க்கை நிலைகளையே வரிசையாகச் சொல்லி ஆடும் ஆட்டம். அதைப் படித்த எவருக்கும் பிறகு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் இந்நூலைப் பேரிலக்கியம் ஆக்குவது இந்தச் செய்திகள் அல்ல. பாதி வழியில் ஹண்ட்கே கதையை நிறுத்திவிட்டுத் தன் எழுத்தையே விசாரிக்கிறார். தாயைப் பற்றி எழுதும்போது தன்னை அச்சுறுத்தும் இரண்டு ஆபத்துகளைச் சொல்கிறார். நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பது ஒன்று. அழகிய வாக்கியங்களுக்குள் ஒரு மனுஷி வலியே இல்லாமல் கரைந்து மறைந்துபோவது மற்றொன்று. இந்த இரண்டாவது ஆபத்தை அஞ்சி, ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் சந்தேகத்தோடு நிறுத்துப் பார்க்கிறார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்ல ஊரில் புழங்கும் ஆயத்தச் சொற்களை எடுத்து, தன் தாயின் வாழ்க்கை அவற்றுக்குள் எங்கே அடங்குகிறது, எங்கே திமிறுகிறது என்று ஒப்பிடுகிறார். இறுதியில் தொடர்ச்சியான கதைசொல்லலே உடைந்து குறிப்புகளாகச் சிதறுகிறது. இதைப் பற்றியெல்லாம் பின்னர் இன்னும் துல்லியமாக எழுதுவேன் என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. உங்கள் அறிவிப்பில் உள்ள 'விளிம்பு', 'தனித்தன்மை' என்ற சொற்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் உண்மையாகும் நூல் என்று இதை நான் மனமாரச் சொல்வேன்.

இதே கவனம் அவரை ஸ்லோவேனியாவுக்கு அழைத்துச் சென்றது. கரிந்தியாவில் ஸ்லோவேனிய மொழி பேசுவது எளிதாக இருந்த காலம் அல்ல அது. 1972இல் இருமொழி ஊர்ப்பெயர்ப் பலகைகளை நட்டபோது ஜெர்மன் தேசியவாதிகள் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். ஹண்ட்கே தாயின் மொழியைப் பெரியவரான பின் மீண்டும் கற்று, கரிந்திய ஸ்லோவேனிய எழுத்தாளர் ஃப்ளோரியான் லிபுஷின் நாவலை ஹெல்கா மிராச்னிகாருடன் சேர்ந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். 1981இல் வெளியான அந்த மொழிபெயர்ப்பு ஒரு சிறுபான்மை மொழிக்கு ஜெர்மன் வாசகப் பரப்பில் கதவு திறந்தது. 1986இல் வந்த 'மீள்வருகை' நாவலில் ஃபிலிப் கோபல் என்ற இளைஞன் காணாமற்போன அண்ணனைத் தேடி எல்லை கடந்து ஸ்லோவேனியாவுக்குள் செல்கிறான். அவன் கையில் இருப்பவை அண்ணனின் பழத்தோட்டக் குறிப்பேடும் ஒரு பழைய அகராதியும். மிகப் பின்னாளில் எழுதிய 'இன்னும் புயல்' நாடகத்தில் தன் குடும்பத்து முன்னோரையும் நாஜிகளை எதிர்த்த கரிந்திய ஸ்லோவேனியக் கொரில்லாக்களையும் மேடையேற்றினார். ஆஸ்திரியா தன் நாஜிக் காலத்தைப் பேச மறுத்த ஆண்டுகளில் இப்படி எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 2004இல் உங்கள் பரிசைப் பெற்ற எல்ஃப்ரீட யெலினெக், தன்னைவிட ஹண்ட்கேக்கே அது உரியது என்று சொன்னதை நான் சம்பிரதாயப் பணிவாக எடுத்துக்கொள்ளவில்லை.

1991இல் ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. ஹண்ட்கே அதைத் தன் கனவு நிலத்தின் இழப்பாக எழுதினார். ஓர் எழுத்தாளருக்கு அந்த உரிமை உண்டு. சிக்கல் அதற்குப் பின் தொடங்குகிறது.

1995 ஜூலையில் கிழக்கு பாஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் பாஸ்னிய செர்பியப் படைகளால் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டின் இறுதியில் ஹண்ட்கே நண்பர்களோடு செர்பியாவுக்குப் பயணம் போனார். அந்தப் பயணக் கட்டுரை 1996 ஜனவரியில் மியூனிக்கின் 'ஸுட்டாய்ச்ச ஸைட்டுங்' நாளிதழில் இரு வார இறுதிகளில், செர்பியாவுக்கு நீதி என்ற தலைப்போடு வெளியாகி, பிறகு சிறு நூலாகவும் வந்தது. மேற்கத்திய இதழ்கள் போரை ஒரே கோணத்தில் காட்டுகின்றன, ஒரு மக்களினத்தையே குற்றவாளியாக்கிவிட்டன என்பது அவரது குற்றச்சாட்டு. அதில் பொருளே இல்லை என்று நான் கூறமாட்டேன். செய்தித்தாள் மொழியின் மேல் அவருக்கிருந்த ஐயம் புதிதல்ல. தாயைப் பற்றிய நூலும் ஒரு செய்தித் துணுக்கின் மேல் கொண்ட ஐயத்திலிருந்து பிறந்ததுதான்.

ஆனால் அந்த ஐயத்தை அவர் எங்கே கொண்டு நிறுத்துகிறார் என்று பாருங்கள். நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் சந்தைகளைப் பற்றியவை: பொருளாதாரத் தடையால் உலகிலிருந்து துண்டிக்கப்பட்ட நாட்டில், சாலையோரத்தில் கேன்களில் விற்கப்படும் பெட்ரோல், வேறெங்கும் காணாத மஞ்சள் நிறத்தில் சுருண்டு கிடக்கும் நூடுல்ஸ், தேன், காட்டுக் காளான். மேற்கின் சரக்கு உலகம் எட்டாத இந்தத் தனிமை, போர் அல்ல தனிமை மட்டும், நீடிக்கட்டும் என்று விரும்பும் தன் மனத்தைத் தானே பிடித்துக் காட்டுகிறார். பிறகு திரினா ஆற்றங்கரையில் உள்ள பாயினா பாஷ்டா என்ற ஊருக்கு வருகிறார். ஆற்றின் மறுகரை பாஸ்னியா. அங்கே என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அப்போது உயிரோடு, அகதி முகாம்களில், தங்கள் ஆண்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் இந்நூலில் நான் சந்திக்கவில்லை. வீடு திரும்பியதும், ஸ்ரெப்ரெனிட்சாவையும் நீ கேள்விக்குள்ளாக்கப் போகிறாயா என்று நூலில் எஸ். என்று குறிக்கப்படும் பெண் கேட்கிறாள். இல்லை என்கிறார், ஆனால் அப்படியொரு படுகொலைக்கு விளக்கம் என்ன என்று கேட்க விரும்புவதாகச் சொல்கிறார். கேட்க விரும்பும் ஒருவர், கேட்க வேண்டியவர்களிடம் ஏன் போகவில்லை?

1996 கோடையில் ஆற்றைக் கடந்தார். அந்தப் பயணத்தைக் 'கோடைக்காலப் பிற்சேர்க்கை' என்று தனி நூலாக்கினார். அதில் விஷேகிராட் வருகிறது. அந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. திரினாவின் மேல் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அதன் கல்பாலத்தைப் பற்றி நாவல் எழுதிய இவோ ஆண்ட்ரிச்சுக்கு 1961இல் பரிசளித்ததே உங்கள் அகாதெமிதான். 1992இல் அந்தப் பாலத்திலேயே மனிதர்கள் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் வீடுகளில் அடைக்கப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார்கள். இக்குற்றங்களுக்காக மிலான் லூகிச் என்ற துணைப்படைத் தலைவனுக்குத் தி ஹேக் நகரின் பன்னாட்டுக் குற்றத் தீர்ப்பாயம் 2009இல் ஆயுள் தண்டனை விதித்தது. 2010இல் கீழ்ப்பகுதி அணை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றியபோது எலும்புகள் வெளிப்பட்டன. ஹண்ட்கே அங்கு சென்ற 1996இல் தீர்ப்பு வரவில்லைதான். ஆனால் தப்பி வந்தவர்களின் சாட்சியங்கள் அமெரிக்க நாளிதழ்களில் அச்சாகியிருந்தன. அவர் அந்தச் செய்தியை எடுத்து, செய்தியாளரின் நடையை, விவரங்களின் நம்பகத்தன்மையை, ஒரு இலக்கிய விமர்சகரின் நுணுக்கத்தோடு பகுத்து ஐயப்படுகிறார்.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் நூலில் ஹண்ட்கேயின் ஐயம் இரு பக்கமும் வெட்டியது; செய்தித்தாளின் வாக்கியத்தைச் சந்தேகித்தவர், அதே மூச்சில் தன் வாக்கியத்தையும் சந்தேகித்தார். 1996ஆம் ஆண்டின் நூல்களில் அது பிறருடைய வாக்கியங்களை மட்டுமே வெட்டுகிறது. தன் கண்ணில் பட்ட பனியும் சந்தையும் ஆற்றொளியும் ஐயத்துக்கு அப்பாற்பட்ட சாட்சியங்களாக நிற்கின்றன. அன்று பெயரற்ற ஓர் இல்லத்தரசியைத் துணுக்குச் செய்தியிலிருந்து மீட்டெடுத்தவர், இன்று செய்தியில் வந்த இறந்தவர்களைச் செய்தியின் குறைகளோடு சேர்த்தே தள்ளிவைக்கிறார். அழகிய வாக்கியங்களுக்குள் மனிதர்கள் வலியின்றி மறைவது என்று அவரே பெயரிட்டு அஞ்சிய ஆபத்து இதுதான். ஆகவே இந்நூல்களின் குறை அரசியல் குறை மட்டுமல்ல. அவரே தனக்கு விதித்த எழுத்துநெறியின்படி இலக்கியக் குறையும்கூட.

விஷேகிராடில் 1978இல் பிறந்து, 1992இல் பதினான்கு வயதில் ஜெர்மனிக்குத் தப்பிவந்த சாஷா ஸ்டானிஷிச், உங்கள் அறிவிப்புக்கு நான்கு நாள் கழித்து ஜெர்மன் புத்தகப் பரிசை வாங்கியபோது, ஹண்ட்கே தம் எழுத்துகளில் எதை வருணிக்கவில்லையோ அதிலிருந்து தப்பும் நல்லூழ் தனக்கு வாய்த்தது என்று மேடையிலேயே கூறினார். எழுதப்படாததைக் குறித்த அந்தக் குற்றச்சாட்டை ஒரு சக எழுத்தாளரின் விமர்சனமாக நான் வாசிக்கிறேன். பிரின்ஸ்டனில் 23 வயது ஹண்ட்கே மூத்தவர்களின் வருணனையைப் பற்றி எழுப்பிய கேள்விக்கு, ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஓர் இளையவரிடமிருந்து வந்த எதிரொலி என்றும் சொல்லலாம்.

அடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். 1999இல் செர்பியா மீது நேட்டோ நடத்திய குண்டுவீச்சைக் கண்டித்து, 1973இல் பெற்ற பியூஷ்னர் பரிசின் பணத்தை ஹண்ட்கே திருப்பிக் கொடுத்தார். தி ஹேக் தீர்ப்பாயத்தின் சட்டத்தகுதியை மறுத்து எழுதினார். அங்கே சிறையில் இருந்த செர்பியாவின் முன்னாள் அதிபர் ஸ்லோபோதான் மிலோஷெவிச்சைச் சென்று பார்த்தார். 2006 மார்ச் 18 அன்று போஷரேவாட்ஸில் மிலோஷெவிச்சின் இறுதிச் சடங்கில் பேசினார்; உண்மை என்னவென்று தனக்குத் தெரியாது, ஆனால் பார்க்கிறேன், கேட்கிறேன், உணர்கிறேன், நினைவுகூர்கிறேன் என்ற பொருளில் அமைந்தது அந்த உரை. ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், இனப்படுகொலைக் குற்றச்சாட்டோடு இறந்த ஓர் ஆட்சியாளரின் சவப்பெட்டியருகே நின்று, உண்மை தெரியாது என்று சொல்வது அடக்கம் ஆகாது. அதே ஆண்டில் டியூசல்டோர்ஃப் நகரின் ஹைன்ரிஹ் ஹைனே பரிசுக்கு அவர் தெரிவு செய்யப்பட்டு, நகரமன்றத்தில் எதிர்ப்பு எழவே தாமே விலகிக்கொண்டார். நியாயமாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்தச் சர்ச்சையின்போது, ஸ்ரெப்ரெனிட்சா இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் மனிதகுலத்துக்கு எதிராக இழைக்கப்பட்ட மிக மோசமான குற்றம் என்று அவரே எழுதினார். அவர் படுகொலையை மறுப்பவர் என்று ஒரே சொல்லில் முத்திரை குத்துகிறவர்கள் இந்த வரியை மறைக்கிறார்கள். அவரை முழுமையாக விடுவிக்க விரும்புகிறவர்களோ, அந்த ஒரு வரியையே காட்டிவிட்டு நூல்களைத் திறக்காமல் விடுகிறார்கள்.

நீங்கள் இரண்டாவது கூட்டத்தோடு நின்றீர்கள் என்பதே என் வருத்தம். இது இலக்கியப் பரிசு, அரசியல் பரிசு அல்ல என்றது உங்கள் குழு. அரசியலில் அவர் பொருத்தமற்றவற்றையும் தெளிவற்றவற்றையும் சொல்லியிருக்கலாம், ஆனால் மனிதரின் சம மதிப்பைத் தாக்கும் எதையும் அவர் எழுத்தில் காணவில்லை என்று உங்கள் நிரந்தரச் செயலாளர் செய்தித்தாளில் பதிலளித்தார். அந்தப் பதில் நிரபராதி என்ற தீர்ப்பைப் போல ஒலித்ததே ஒழிய, ஒரு வாசிப்பைப் போல ஒலிக்கவில்லை. குற்றம் செய்தாரா என்று உங்களிடம் எவரும் கேட்டிருக்கத் தேவையில்லை. எப்படி எழுதினார் என்பதைச் சொல்லத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். இலக்கியம் ஒரு பெட்டியில், அரசியல் இன்னொரு பெட்டியில் என்று பிரிப்பது ஹண்ட்கேக்கே இழைக்கும் அநீதி. அவர் அந்தப் பயண நூல்களை அறிக்கைகளாகவோ பேட்டிகளாகவோ வெளியிடவில்லை; தம் பிற நூல்களைப் போலவே சொல் சொல்லாக இழைத்து, அதே சூர்காம்ப் பதிப்பகத்தின் வழியே, தம் படைப்புகளின் பகுதியாகவே வெளியிட்டார். நீங்கள் பரிசளித்தது அவரது மொத்தப் படைப்புக்கு என்றால், அவையும் அந்த மொத்தத்தில் அடக்கம். அவற்றை நீக்கிவிட்டுப் பரிசளித்தீர்கள் என்றால், எந்த அளவுகோலால் நீக்கினீர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்குள்ளேயே இந்தக் கேள்வி எழாமல் இல்லை. பால்கன் போரைச் செய்தியாளராக நேரில் கண்ட உங்கள் முன்னாள் நிரந்தரச் செயலாளர் பீட்டர் எங்லுண்ட், அந்த ஆண்டின் நோபல் வாரத்தில் பங்கேற்க மறுத்தார். 2018ஆம் ஆண்டின் பாலியல் குற்ற விவகாரத்தால் சரிந்த நம்பிக்கையை மீட்பதற்காக வெளியிலிருந்து நோபல் குழுவுக்குள் அழைக்கப்பட்ட ஐவரில், குன்-பிரிட் சுன்ட்ஸ்ட்ரோமும் கிறிஸ்டோஃபர் லியாண்டோரும் 2019 டிசம்பர் தொடக்கத்தில் விலகினர். லியாண்டோரின் காரணம் வேறு. அகாதெமியின் சீர்திருத்தம் மெதுவாக நடக்கிறது என்பது அவரது குறை. சுன்ட்ஸ்ட்ரோம் ஹண்ட்கே தேர்வு குறித்த விவாதத்தையும் காரணமாகக் குறிப்பிட்டார். இலக்கியம் அரசியலுக்கு மேலானது என்பதுபோல அத்தேர்வு விளக்கப்படுவது தன் கொள்கை அல்ல என்றார். டிசம்பர் 10 அன்று பரிசளிப்பு விழாவை அல்பேனியா, கொசோவோ, பாஸ்னியா, துருக்கி உள்ளிட்ட நாடுகளின் தூதர்கள் புறக்கணித்தார்கள்.

ஹண்ட்கேயின் பக்கத்திலிருந்து பதில் வரும் என்று எதிர்பார்ப்பது வீண். அறிவிப்புக்குச் சில நாள் கழித்து சொந்த ஊரான கிரிஃபனில் கேட்டபோது, தாம் டால்ஸ்டாயிடமிருந்தும் ஹோமரிடமிருந்தும் செர்வாண்டிஸிடமிருந்தும் வருகிறவர், இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுங்கள் என்றார். ஸ்டாக்ஹோமில் தம் 77ஆம் பிறந்தநாளன்று நடந்த செய்தியாளர் சந்திப்பில், உங்கள் வெற்றுக் கேள்விகளைவிடத் தமக்கு வந்த மலம் தடவிய அநாமதேயக் கடிதமே மேல் என்று சீறினார். (பிறந்தநாளில் இப்படிச் சூழ்ந்துகொண்டால் எவருக்கும் எரிச்சல் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கேள்விகள் வெற்றுக் கேள்விகள் அல்ல.) மறுநாள் அவர் ஆற்றிய நோபல் உரையோ அழகானது. தாய் சொன்ன கிராமத்துக் கதைகளையும், சிறுவயதில் தேவாலயத்தில் கேட்ட ஸ்லோவேனிய மொழி மாதா மன்றாட்டு மாலையையும், போரில் இறந்த தாய்மாமன்மாரையும் நினைவுகூர்ந்தார். தன் வீட்டு இறந்தவர்களுக்கு அவ்வளவு துல்லியமாகச் செவிகொடுக்க வல்ல எழுத்தாளர் அவர் என்பதை உலகமே அன்று கேட்டது. அதனால்தான் ஆற்றின் மறுகரை குறித்த கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

விருதுக் குழுவின் ஆவணங்கள் ஐம்பது ஆண்டுகள் முத்திரையிடப்பட்டிருக்கும் என்பது உங்கள் விதி. 2019ஆம் ஆண்டின் கோப்புகள் 2070க்கு முன் திறக்கப்பட மாட்டா. ஸ்ரெப்ரெனிட்சாவில் மகன்களை இழந்த தாய்மார்கள் எவரும் அப்போது இருக்க மாட்டார்கள். நானும் இருக்க மாட்டேன். அந்த விதியை மீறும்படி நான் கேட்கவில்லை. யார் யாருக்கு வாக்களித்தார்கள், யார் பெயர்கள் பட்டியலில் இருந்தன என்பவை உங்களோடு இருக்கட்டும். ஆனால் ஒரு நூலை வாசித்து அதைப் பற்றி எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. பரிசு பெற்றவரின் வாழ்க்கைக் குறிப்பையும் நூற்பட்டியலையும் ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் வெளியிடத்தானே செய்கிறீர்கள்?

எனவே என் வேண்டுகோளைத் தெளிவாக முன்வைக்கிறேன். அகாதெமியின் பெயரில், உங்களில் ஜெர்மனும் செர்போ-குரோவாசியனும் அறிந்தவர்களைக் கொண்டோ, வெளியிலிருந்து அறிஞர்களை அழைத்தோ, ஹண்ட்கேயின் 1991 முதலான யூகோஸ்லாவிய நூல்களைப் பற்றிய விரிவான இலக்கிய மதிப்பீடு ஒன்றை வெளியிடுங்கள். அதில் ஒருமித்த கருத்து வேண்டும் என்பதில்லை. உங்களுக்குள் மாறுபாடு இருந்தால் மாறுபட்ட கட்டுரைகளையே அடுத்தடுத்து அச்சிடுங்கள். விஷேகிராட் பற்றிய பக்கங்களைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்புரையோடும் உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களோடும் சேர்த்து வாசியுங்கள். தாயைப் பற்றிய நூலை அதே மேசையில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மதிப்பீடு பாஸ்னிய மொழியிலும் வெளியாக வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் உங்கள் பதிலுக்காக மிக நீண்ட காலம் காத்திருப்பவர்கள் அந்த மொழியில்தான் படிக்கிறார்கள்.

மிக்க மரியாதையுடன்,
ஒரு தமிழ் வாசகன்